வளவுக் கொட்டிலில் ஒலிப்பதிவுக் கூடம்: முதல் போடுமுன் படிக்க வேண்டிய பாடம்

 

மட்டக்களப்பு வாவிக்கு உலகில் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு சத்தம்தான். நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து மீன்பாடலைக் கேட்ட கதையை நம் மூத்தவர்கள் சொல்வார்கள். 1960களில் லாங் என்ற இயேசு சபைப் பாதிரியாரின் உதவியோடு அந்தச் சத்தம் இலங்கை வானொலியிலும் ஒலித்தது. இரவு அமைதியாக இருந்ததால்தான் அந்தச் சிறு ஒலி மனிதன் காதுக்கு எட்டியது. ஒலிப்பதிவுத் தொழிலில் முதற் சரக்கு அமைதிதான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் பகுதியில் இல்லை.

இன்று காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, வாழைச்சேனை என்று எங்கு பார்த்தாலும் வீட்டு வளவில் சும்மா கிடக்கும் கொட்டிலை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றலாமா என்று யோசிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் கட்டாரிலும் சவூதியிலும் உழைத்துச் சேமித்ததைக் கையில் வைத்திருப்பவர்கள். அந்தப் பணம் வெயிலில் சிந்திய வியர்வை. அது மைக்காகவும் கணினியாகவும் மாறி, மழைச் சத்தம் கேட்கும் அறைக்குள் முடங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

கொல்லைப்புறத்தில் தொடங்கிய ஒரு தொழில்

வீட்டின் பின்புறத்தில் ஒலிப்பதிவுக் கூடம் என்பது புதுமையல்ல. சென்னை கோடம்பாக்கத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் தன் வீட்டின் பின்புறத்தில் அமைத்த ‘பஞ்சதன் ரெக்கோர்ட் இன்’ இதற்குப் பிரபலமான முன்மாதிரி. 1992இல் ‘ரோஜா’ படம் வந்து ஊரறிய முன்னர் அவர் செய்தவை பெரும்பாலும் விளம்பரங்களுக்கான சிறு இசைத் துண்டுகள். 1989இல் ‘தீன் இசை மாலை’ என்ற இஸ்லாமியப் பாடல் தொகுப்புக்கும் இசையமைத்தார். ஏ.எம். ஸ்டூடியோஸ் என்ற பெரிய கூடம் வந்தது 2005இல்தான்.

இசைக்கருவிகள் பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குத் தீர்ப்புச் சொல்வது இந்தப் பகுதியின் வேலையல்ல. வியாபாரி எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. சிறு இடம், சிறு வேலைகள், அவற்றில் பிடித்த தரம், பிறகு பெரிய இடம் என்ற ஒழுங்கே அது. நம் பகுதியில் மனிதக் குரலை மட்டும் நம்பியே போதுமான வேலை இருக்கிறது: கடை விளம்பர அறிவித்தல், பயான், கிராஅத், மாணவர்களுக்கான பாட ஒலிப்பதிவு, காணொளிகளுக்குப் பின்னணிக் குரல், வானொலி விளம்பரம். குரலுக்கு மட்டுமான அறை செலவும் குறைவு.

இரண்டு வேலைகளை ஒன்றாகக் குழப்பாதீர்கள்

சத்தத் தடுப்பு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு தனித்தனி வேலைகள் உள்ளன. ஒன்று, வெளிச் சத்தம் உள்ளே வராமலும் உள்ளே எழுவது வெளியே போகாமலும் தடுப்பது. மற்றது, உள்ளே பேசும் குரல் சுவர்களில் பட்டு எதிரொலிக்காமல் அடக்குவது. முதலாவதற்குப் பாரம் வேண்டும். இரண்டாவதற்கு மென்மை வேண்டும். ஒன்றுக்கு வாங்கிய சாமான் மற்றதற்கு உதவாது.

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் சத்தம் போகாது என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. அட்டைக்குப் பாரமில்லை, ஆகவே அது சத்தத்தைத் தடுக்காது. எதிரொலியில் கீச்சுச் சத்தத்தை மட்டும் சிறிது குறைக்கும். போதாக்குறைக்குத் தீயும் எளிதில் பிடிக்கும்.

சத்தத்தைத் தடுப்பது

நம் கொட்டில்கள் பெரும்பாலும் தகரமும் பலகையுமானவை. தகரம் மெல்லியது, சத்தத்துக்கு அது திறந்த வெளி போலத்தான். சுவரின் பாரத்தை இரண்டு மடங்காக்கினால் தடுப்பு ஏறத்தாழ 5 முதல் 6 டெசிபெல் கூடும் என்பது கணக்கு. ஆகவே பழைய கொட்டிலை வெளிக்கூடாக விட்டுவிட்டு, அதனுள்ளே நான்கு அங்குல இடைவெளி விட்டு, ஆறு அங்குலச் சீமெந்துக்கல்லால் தனி அறை கட்டுவதே நல்லது. கல்லின் இரு புறமும் பூச வேண்டும். பூசாத கல்லின் நுண்துளை வழியே சத்தம் புகுந்துவிடும். வெளிக்கூடும் உள்ளறையும் ஒன்றையொன்று எங்கும் தொடக் கூடாது. தொட்ட இடத்தால் அதிர்வு உள்ளே நடந்து வரும்.

உள் அளவு 10க்கு 12 அடி, உயரம் 9 அடி என்று வையுங்கள். நான்கு சுவரும் சேர்ந்து 396 சதுர அடி. 16க்கு 8 அங்குல முகமுள்ள கல் சுமார் 450 வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஒரே அளவாக வைக்காதீர்கள். சதுரப் பெட்டி போன்ற அறையில் சில சுரங்கள் மட்டும் வீங்கிக் கேட்கும்.

பலர் சுவருக்குச் செலவழித்துவிட்டுக் கதவில் தோற்றுப்போகிறார்கள். மூன்றடி அகலம், ஏழடி உயரமுள்ள கதவின் கீழே அரை அங்குல இடைவெளி இருந்தால், அது கதவுப் பரப்பில் 0.6 வீதம்தான். ஆனால் அந்தச் சிறு இடைவெளியே கதவின் தடுப்பை 22 டெசிபெலுக்கு மேல் போகவிடாது, கதவு எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் சரி. நல்ல கற்சுவர் 45 டெசிபெல் அளவுக்குத் தடுக்கக்கூடியது. அந்த உழைப்பெல்லாம் கதவின் அடியால் வெளியே போய்விடும். எனவே பாரமான இரண்டு கதவுகளை, நடுவில் இடம் விட்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள். வான், பஸ் கதவுகளுக்குப் போடும் றப்பர் பீடிங்கைச் சுற்றிவர இறுக்குங்கள். யன்னல் வேண்டாம். வயர் வரும் துளைகளையும் அடைத்துவிடுங்கள்.

மழையும் உப்புக் காற்றும்

கொழும்பில் எழுதிய பட்டியலை அப்படியே இங்கு பின்பற்ற முடியாது. நமக்கு மழையின் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரை பெய்கிறது. தகரக் கூரையில் பெருமழை விழும்போது எந்த மைக்கும் உதவாது. உள்ளறைக்குத் தனிக் கூரை வேண்டும். உட்சுவரில் மட்டும் தங்கும் மரச்சட்டமும், அதில் இரண்டு அடுக்கு ஜிப்சம் அல்லது சீமெந்துத் தகடும் போதுமானது. இரண்டு அடுக்குகளின் பொருத்துகளும் ஒரே இடத்தில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளித்தகரத்தின் மேல் கிடுகு வேய்ந்தால் துளி நேரே தகரத்தில் அடிக்காது, வெக்கையும் குறையும். மின்வயர் எதுவும் கிடுகுக்குப் பக்கத்தில் வரக் கூடாது.

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் வாழ்கிறோம். ஈரமும் உப்பும் கறையானும் நம்மோடு கூடப் பிறந்தவை. இறுக மூடிய அறையில் பூஞ்சணம் பிடித்தால் மைக்கும் கெடும், சுவாசமும் கெடும். மரச்சட்டத்துக்குக் கறையான் மருந்து அடித்துவிட்டு மூடுங்கள். குளிரூட்டி பூட்டினால் ஈரமும் இறங்கும். ஆனால் பதியும்போது அதை நிறுத்த வேண்டும் என்பதை நேரக் கணக்கில் சேருங்கள். வீட்டுக் குளிரூட்டி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. ஆகவே உள்ளே பஞ்சு ஒட்டிய வளைந்த பெட்டி வழியாகக் காற்று வந்து போக வழி வையுங்கள். ஜெனரேட்டரை எக்காரணம் கொண்டும் கொட்டிலுக்குள் வைக்காதீர்கள். அதன் புகையிலுள்ள மணமில்லாத நச்சு வாயு ஆளைக் கொல்லும்.

எதிரொலியை அடக்குவது

1895இல் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய விரிவுரை மண்டபத்தில் பேச்சு விளங்கவில்லை. ஒரு சொல்லின் எதிரொலி ஐந்து செக்கனுக்கும் மேல் நின்றது. சபைன் என்ற இளம் விரிவுரையாளர் அயலிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு இரவாகச் சுமந்து வந்து போட்டு அளந்தார். எத்தனை மெத்தைக்கு எவ்வளவு குறைகிறது என்று கண்டு ஒரு சூத்திரம் தந்தார். அது இன்றும் பயன்படுகிறது: அறையின் கன அடியை 0.049ஆல் பெருக்கி, சத்தத்தை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி அடங்கும் நேரம் செக்கனில் வரும்.

நம் அறைக்குப் போட்டுப் பாருங்கள். 10, 12, 9 பெருக்கினால் 1,080 கன அடி. அதை 0.049ஆல் பெருக்கினால் 53. சுவர், தரை, கூரை மொத்தம் 636 சதுர அடி. வெறும் பூச்சு 3 வீதம்தான் உறிஞ்சும், அதாவது 19. எனவே 53ஐ 19ஆல் வகுக்க 2.8 செக்கன். அங்கே பயான் பதிந்தால் கிணற்றுக்குள் பேசுவது போலிருக்கும். இப்போது 200 சதுர அடிக்கு 70 வீதம் உறிஞ்சும் பொருளைப் போடுங்கள். அது 140. மிச்சப் பரப்பின் 13ஐக் கூட்டினால் 153. வகுத்தால் 0.35 செக்கன். குரலுக்கு இது நல்ல அளவு. ஆகவே சுவர் முழுவதையும் மூடத் தேவையில்லை. மூன்றில் ஒரு பங்கு போதும்.

இரண்டு முதல் நான்கு அங்குலத் தடிப்புள்ள பாறையிழைப் பஞ்சு (ரொக்வூல்) இதற்குச் சிறந்தது. அதை மரச்சட்டத்தில் வைத்துத் துணி போர்த்திச் சுவரில் பூட்டலாம். மெல்லிய கம்பளம் கீச்சுச் சத்தத்தை மட்டும் குடித்து, தடித்த குரலை அப்படியே விட்டுவிடும்.

மலிவான ஸ்பொஞ்சைச் சுவரெங்கும் ஒட்டுவோருக்கு ஒரு செய்தி. 2003 பெப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஓர் இரவு விடுதியில், மேடையின் வாணவேடிக்கைப் பொறி, சத்தத்தை அடக்க ஒட்டியிருந்த ஸ்பொஞ்சில் பட்டது. நூறு உயிர்கள் போயின. மூடிய ஒற்றை வாசல் அறைக்கு இது பெரிய எச்சரிக்கை. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். தீயணைக்கும் உருளை ஒன்று வாசலில் இருக்க வேண்டும்.

நேரமும் கணக்கும்

அறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஐவேளை பாங்கு, பாடசாலை விடும் நேரம், முச்சக்கர வண்டி நெரிசல் ஆகியவற்றைத் தள்ளி மிச்ச நேரத்தில்தான் நுணுக்கமான வேலையைப் பதிய முடியும். நாளொன்றுக்கு இரண்டரை மணித்தியாலம், மாதம் 24 நாள் என்றால் 60 மணித்தியாலம்.

ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். இவை சந்தை விலைகளல்ல, கணக்கிடும் முறைக்காகச் சொல்பவை. கட்டடத்துக்கு 6 இலட்சம், ஐந்து வருடத்தில் தேய்ந்து போவதாக வைத்தால் மாதம் 10,000. கருவிகளுக்கு 3 இலட்சம், மூன்று வருடத்தில் மாதம் 8,300. மின்சாரமும் பராமரிப்பும் 12,000. வேலை செய்பவரின் சம்பளம், அது நீங்களே ஆனாலும், 40,000. மொத்தம் சுமார் 70,000. 60 மணித்தியாலமும் வேலை கிடைத்தால் மணிக்கு 1,170 ரூபா அடக்கம். 30 மணித்தியாலம்தான் கிடைத்தால் 2,340. அதற்குக் குறைத்து வாங்கினால் முதலைத் தின்கிறீர்கள். கொட்டிலில் கை வைக்கும் முன் பத்து வாடிக்கையாளரிடம் போய், மாதம் எத்தனை மணி வேலை தருவீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் போதாவிட்டால் வட்டிக் கடனுக்கு ஓடாதீர்கள். ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் போட்டு இலாபத்தைப் பங்கிடும் முழாரபா, இருவரும் முதல் போடும் முஷாரகா என்ற வழிகள் நமக்கு உண்டு. இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் அமானிதமும்

வேலை தொடங்கும் முன் நகர சபையிலோ பிரதேச சபையிலோ கட்டட அனுமதியையும் வியாபார அனுமதியையும் பற்றிக் கேளுங்கள். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தின் ஊடாகப் பதியலாம். 1996ஆம் ஆண்டின் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் பிரதேச சபைப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்றும், நகர சபைப் பகுதிக்கு 63, 50 என்றும் எல்லை வகுத்தன. ஆனால் அயலவர் உரிமைக்கு நமக்கு வர்த்தமானி தேவையில்லை. ஜிப்ரீல் (அலை) அவர்கள் அதை நபி (ஸல்) அவர்களிடம் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பதைக் குத்பாக்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பக்கத்து வீட்டில் நோயாளியும் கைக்குழந்தையும் இருக்கும்போது இரவு பன்னிரண்டு மணிக்கு ஸ்பீக்கரை உரக்க வைத்துச் சம்பாதித்ததில் பரகத் இருக்குமா? ஹெட்போனில் கேட்டுப் பழகுங்கள்.

பிறருடைய பாடலையோ இசையையோ அனுமதியின்றி எடுத்துப் புதிய பதிவு செய்து விற்பதை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் தடுக்கிறது. அது பிறருடைய உழைப்பு. கடையில் சரக்கைத் திருடுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. உங்கள் கொட்டிலில் பதிந்த வார்த்தை உங்கள் கையை விட்டுப் போன பின் திரும்பி வராது. பிற இனத்தின் மீதோ மதத்தின் மீதோ பகையைத் தூண்டும் பேச்சு 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் கீழ் குற்றம், இலகுவில் பிணை கிடைக்காத குற்றம். 2019 ஏப்ரலுக்குப் பின் ஒரு சிலரின் பேச்சுக்காக ஊர்கள் முழுவதும் சுமந்த பாரத்தை நாம் அறிவோம். பதிய வருபவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி, தலைப்பு ஆகியவற்றை ஒரு புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். வெறுப்பைப் பதியச் சொன்னால் எவ்வளவு பணம் தந்தாலும் திருப்பி அனுப்புங்கள். வெட்டி ஒட்டி ஒருவரின் சொல்லைத் திரிக்கவும் கேட்பார்கள். அதற்கும் அதே பதில்தான். சொன்னவருடைய சொல் உங்களிடம் இருக்கும் அமானிதம்.

கல்லும் கதவும் கணக்கும் சரியாக இருந்தால் வளவுக் கொட்டில் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும். வல்ல அல்லாஹ் நமது ஹலாலான முயற்சிகளில் பரகத் செய்வானாக, ஆமீன்.