மோட்டார் சைக்கிளின் குரல்

கேள்வி: அப்பாவின் பழைய எம்.டி. 90இன் சத்தம் கேட்டாலே மனம் துள்ளுகிறது. புதிய மோட்டார் சைக்கிள்களில் அது ஏன் இல்லை? (வாசகர், மடு)

பதில்: எஞ்சினுக்குள் எரிபொருள் வெடிக்கும் தாளம்தான் சத்தத்துக்கு அடிப்படை, தம்பி. அப்பாவின் ஹொண்டா ஒற்றைச் சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் செக்கனுக்கு 25 வெடிப்பு. டூ ஸ்ட்ரோக்கான யமஹா ஆர்.எக்ஸ். 100இல் அது 50. அதுதான் அந்த வண்டு ரீங்காரம். ஹொண்டா சி.டி. 200இல் இரண்டு பிஸ்டன்களும் சேர்ந்தே ஏறி இறங்கும், ஆனால் மாறி மாறி வெடிக்கும். அதனால் மெத்தென்ற, சீரான ஓசை. ஹார்லியில் இடைவெளி சமமில்லை. நொண்டி ஓடும் குதிரைபோலக் கேட்கும்.

புதியவற்றில் புகை, ஒலி விதிகளுக்காகச் சைலன்சருக்குள் தடுப்புகள் கூடிவிட்டன. வெடிப்பு அதேதான், குரல்தான் அடங்கிவிட்டது.

ஆனால் உங்களைத் துள்ளவைப்பது எஞ்சின் மட்டுமல்ல, நினைவும்தான். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வடக்கில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்புரேட்டருக்குள் சில துளி பெட்ரோல் விட்டு உதைப்பார்கள். இருமி, வெண்புகை கக்கி, பிறகுதான் தாளம் பிடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் வீட்டுக்கு ஆள் வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதைவிட இனிய சத்தம் எனக்குத் தெரியாது.

ஒரு வேண்டுகோள். மடு மாதாவின் ஆவணித் திருவிழாவுக்கு வரும் தம்பிமார் சைலன்சரைத் துளைத்துக்கொண்டு வராதீர்கள். மடுச் சந்தியிலிருந்து கோவில்வரை காட்டுப் பாதை. யாத்திரிகர்கள் செபித்தபடி நடந்து வருகிறார்கள்.