லாரி டயரும் காஷ்மீர் பனியும்



இந்தத் தலைப்பைச் சொன்னவுடன் மலர்க்குழுவில் இருந்த நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். "நம்ம ஊர்ல ஐஸ் எங்கப்பா இருக்கு? ஐஸ் பாக்டரியில இருக்கு, மீன் கடையில இருக்கு. அதுல லாரி ஓட்டப் போறியா?" என்றார். கேள்வி நியாயம்தான். ஆனால் நாமக்கல் வழியாகப் போகிற தேசிய நெடுஞ்சாலை 44-ஐ நினைத்துப் பாருங்கள். கன்னியாகுமரியில் கடலைப் பார்த்து நிற்கிற அதே சாலை மதுரை, திண்டுக்கல், கரூர், சேலம் என்று ஏறி, எண் மாறாமல் ஸ்ரீநகர் வரை போகிறது. ஆப்பிள் லோடுக்கு அந்தப் பக்கம் போய் வருகிற நம் ஊர் டிரைவர்கள் இருக்கிறார்கள். காஷ்மீரில் ஆப்பிள் பறிப்பு ஆகஸ்டில் தொடங்கி நவம்பர் வரை நீளும். 2018, 2019 இரண்டு ஆண்டுகளிலும் நவம்பர் முதல் வாரத்திலேயே பனி கொட்டி, காயோடு நின்ற மரங்கள் முறிந்தன. கடைசி லோடு ஏற்றப் போகும் வண்டி பனியில் மாட்டுவது அதிசயம் இல்லை. அங்கிருந்து ஸோஜி லா கணவாய் (சுமார் 3,500 மீட்டர்) தாண்டி கார்கில், லே என்று சரக்கு கொண்டு போகிறவர்களுக்கு இது தினப்படிப் பிரச்சினை.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழில் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்பதும் பனிதான், ஸோஜி லாவில் ஆள் உயரம் குவிவதும் பனிதான். இந்தக் கட்டுரையில் மாவு போல் விழுவதை வெண்பனி என்றும், இறுகிக் கண்ணாடி போல் ஆனதை ஐஸ் என்றும் சொல்கிறேன். இரண்டும் டயருக்கு வேறு வேறு எதிரிகள். இதைப் பிரிக்காமல் டயர் தேர்ந்தெடுக்க முடியாது.

சரி, கணக்குக்கு வருவோம். இரண்டாம் ஆண்டில் படித்த சூத்திரம்தான். நிற்கும் தூரம் வேண்டுமென்றால் வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம், 2 இவற்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். வேகம் மணிக்கு 40 கி.மீ., அதாவது விநாடிக்கு 11.1 மீட்டர். காய்ந்த சாலையில் குணகம் 0.6 என்று வைத்தால் வண்டி சுமார் பத்தரை மீட்டரில் நிற்கும். இறுகிய வெண்பனியில் 0.25 என்றால் 25 மீட்டர். ஐஸில் 0.1 என்றால் 63 மீட்டர்! டிரைவர் பார்த்து, யோசித்து, பிரேக்கில் கால் வைக்கும் நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை. இன்னொன்று கவனியுங்கள். உருகும் நிலையில், பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஐஸ்தான் மோசமானது. மேலே மெல்லிய தண்ணீர்ப் படலம் இருப்பதால் குணகம் 0.1-க்கும் கீழே போய்விடும். கடுங்குளிரில் உறைந்த ஐஸ் அதைவிட நல்லது. அதனால் நடுராத்திரியை விட, வெயில் ஏறத் தொடங்கும் காலை நேரத்தில் வழுக்கல் அதிகமாகலாம்.

நிற்பது மட்டுமல்ல, ஏறுவதும் டயர் கையில்தான் இருக்கிறது. ஒரு பத்து வீல் லாரியை எடுத்துக்கொள்வோம். 2018-இல் வந்த எடை விதிப்படி மொத்தம் 28.5 டன் வரை. முன் ஆக்சிலில் 7.5 டன் போக, பின்னால் இரண்டு ஆக்சிலிலும் 21 டன். இதில் பல வண்டிகளில் ஒரு ஆக்சிலுக்கு மட்டும்தான் எஞ்சின் சக்தி போகிறது, மற்றது சும்மா உருளுவது. ஆக இழுக்கும் சக்கரங்களின் மேல் இருப்பது 10.5 டன்தான், மொத்த எடையில் நூற்றுக்கு 37 பங்கு. 0.1 குணகத்தில் இந்த வண்டி ஏறக்கூடிய சரிவு நூற்றுக்கு 3.7. மலைச் சாலையில் 20 அடிக்கு ஒரு அடி ஏற்றம், அதாவது நூற்றுக்கு 5, சர்வசாதாரணம். அங்கே எஞ்சின் எத்தனை குதிரைசக்தி என்பது பேச்சே இல்லை, சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும். அதே வண்டிக்கு 0.25 கிடைத்தால் 9.2 வரை ஏறும். இந்த வித்தியாசத்தில்தான் டிரைவரும் கிளீனரும் ராத்திரி தங்குமிடத்தில் தூங்குகிறார்களா, நடுமலையில் கேபினுக்குள் குளிரில் விறைத்துக் கிடக்கிறார்களா என்பது இருக்கிறது.

என் மாமா 22 வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறவர். அவரோடு இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய வாக்குவாதமே நடந்தது.

"மாப்ளே, லக் டயரப் போட்டா முடிஞ்சுது. கல் குவாரி சேத்துலயே ஏறுற டயரு, பனியில ஏறாதா?" என்றார்.

"இல்லைங்க மாமா, சேறு வேற, ஐஸ் வேற" என்றேன்.

"நீ புஸ்தகத்துல பாத்தது. நான் ரோட்டுல பாத்தது."

மாமா சொன்னதில் பாதி சரி. லக் டயரில் குறுக்கே பெரிய பெரிய ரப்பர் கட்டைகளும் நடுவில் அகலமான பள்ளங்களும் இருக்கும். ஆழமான வெண்பனியில் அது தோண்டிக்கொண்டு போகும். ஆனால் சேற்றுக்கான டயரின் வேலை சேற்றைப் பிடித்து உடனே வெளியே எறிவது. வெண்பனியில் நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். பனி பள்ளத்துக்குள் அடைந்து கொஞ்சம் தங்க வேண்டும், ஏனென்றால் ரப்பர் பனியைப் பிடிப்பதை விட பனி பனியை நன்றாகப் பிடிக்கும். சின்னப் பையன்கள் பனி உருண்டை பிடிப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், அதே தத்துவம்தான். ஐஸில் லக் டயர் இன்னும் மோசம். அங்கே தோண்ட எதுவும் இல்லை. தரையைத் தொடும் ரப்பரின் பரப்பும், அதில் எத்தனை கூர் விளிம்பு இருக்கிறது என்பதும்தான் கணக்கு. லக் டயரில் பரப்பும் குறைவு, விளிம்பும் குறைவு.

அந்த விளிம்புகளைக் கொடுப்பது சைப் எனப்படும் மெல்லிய கீறல்கள். பிளேடால் கீறியது போல் ரப்பர் கட்டையின் மேல் வளைந்து வளைந்து போகும். ஜான் சைப் என்ற அமெரிக்கர் 1923-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார், அவர் பெயரே நிலைத்துவிட்டது. கட்டை தரையில் அழுந்தும்போது கீறல்கள் லேசாகத் திறந்து, ஐஸ் மேல் இருக்கும் தண்ணீர்ப் படலத்தை உறிஞ்சித் துடைத்து, விளிம்பால் சுரண்டிப் பிடிக்கின்றன. நான் மாமாவின் வண்டியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது பின் டயர்களில் கீறல் பெயருக்குத்தான் இருந்தது. பல டயர்களில் கீறல் கட்டையின் முழு ஆழத்துக்கும் போவதில்லை. பாதி தேய்ந்ததும் மறைந்துவிடும். பார்க்க நிறையப் பட்டன் மிச்சம் இருக்கும், பனியில் வேலை செய்யும் பாகம் போயிருக்கும். நார்வே நாட்டில் பனிக்காலத்தில் லாரி டயரில் குறைந்தது 5 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். சாதாரண ஈரச் சாலைக்குப் போதும் என்று சொல்லப்படும் 1.6 மி.மீ. அங்கே மொட்டை டயர் மாதிரி.

ஒரு சுவையான செய்தி. உலகின் முதல் பனிக்கால டயர் காருக்காகச் செய்யப்பட்டது என்றுதான் நானும் நினைத்தேன். பின்லாந்தில் இப்போது நோக்கியன் டயர்ஸ் என்று அறியப்படும் கம்பெனி 1934-இல் அதை வெளியிட்டது லாரிக்காக! கார் டயர் 1936-இல்தான் வந்தது. சரக்கு போய்ச் சேரவேண்டிய அவசரம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

அடுத்தது ரப்பர். ஒவ்வொரு ரப்பருக்கும் ஒரு வெப்பநிலை உண்டு, அதற்குக் கீழே கண்ணாடி போல் ஆகிவிடும். இயற்கை ரப்பருக்கு அது மைனஸ் 70 டிகிரி சுமார். அங்கே போவதற்கு வெகு முன்பே அது விறைக்கத் தொடங்கி, தரையின் மேடுபள்ளத்தில் படிந்து உட்காரும் குணத்தை இழக்கும். லாரி டயரின் மேல்பகுதியில் இயற்கை ரப்பர்தான் அதிகம், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விளைகிறதே அதேதான். அதனால் கார் டயர் அளவுக்கு அது குளிரில் திடீரென்று கெட்டிப்படாது. ஆனாலும் நம் வெயிலுக்கும் அதிக மைலேஜுக்கும் என்றே கலவை செய்த டயர், டிராஸ் பக்கம் மைனஸ் 20-இல் என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். ரீட்ரேட் செய்த டயரில் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். ரீட்ரேட் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பாவில் பனிக்கால டிரெட்டையே வைத்து ரீட்ரேட் செய்கிறார்கள். என்ன கலவை, என்ன டிசைன் என்று கேட்டு வாங்க வேண்டும் என்பதே என் கட்சி.

டயரின் பக்கவாட்டில் இரண்டு அடையாளங்கள் தேடலாம். ஒன்று எம்+எஸ் என்ற எழுத்து, சேறும் பனியும் என்று பொருள். இதற்குத் தனிச் சோதனை எதுவும் தேவையில்லை, டிசைனைப் பார்த்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது. இன்னொன்று மூன்று முகடு உள்ள மலைக்குள் ஒரு பனித்துகள் படம். 1999-இல் வட அமெரிக்காவில் வந்த சின்னம் இது. ஐரோப்பிய விதிப்படி லாரி டயருக்கு இது கிடைக்க வேண்டுமென்றால், வெண்பனியில் ஓட்டிச் சோதித்து, ஒப்பீட்டு டயரை விட நூற்றுக்கு 25 பங்காவது கூடுதல் பிடிப்பு காட்ட வேண்டும். சோதிப்பது வெண்பனியில், ஐஸில் அல்ல என்பதையும் மறக்கக்கூடாது. ஜெர்மனியில் 2018 முதல் தயாரான டயர்களுக்கு இந்தச் சின்னம் இருந்தால்தான் பனிக்கால டயர் என்று கணக்கு. நான் விசாரித்த மூன்று டயர் கடைகளில் எம்+எஸ் இருந்தது, மலைச் சின்னம் போட்ட லாரி டயர் ஒன்றுகூட இல்லை.

எந்த ஆக்சிலுக்கு நல்ல டயர்? பணம் குறைவாக இருக்கும்போது எழும் கேள்வி இது. டயர் வாங்குவது ஓனர், அதன் மேல் உட்கார்ந்து போவது டிரைவர். இழுக்கும் சக்கரத்துக்குப் போட்டால் வண்டி ஏறிவிடும், அதனால் அங்கே மட்டும் போட்டால் போதும் என்று ஓனர் சொல்வார். ஜெர்மனியிலும் சட்டம் முதலில் அப்படித்தான் இருந்தது. 2020 ஜூலை முதல் முன் ஸ்டியரிங் ஆக்சிலுக்கும் கட்டாயம் ஆக்கினார்கள். ஏறிய வண்டி இறங்க வேண்டுமே! இறக்கத்தில் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்புகிறோம், முன் டயர் பிடிக்கவில்லை என்றால் சக்கரம் திரும்பியிருக்கும், வண்டி நேராகப் போகும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அதனால் என் தீர்ப்பு இது: முன்னால் ரீட்ரேட் வேண்டாம், சைப் கீறல் உள்ள நல்ல ஆழமான ரிப் டயர். பின்னால் லக் வேண்டாம், நிறைய விளிம்பு உள்ள பிளாக் டிசைன், ஜோடி டயர் இரண்டும் ஒரே தேய்மானத்தில். இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக்கை நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது இழுக்கும் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். ஐஸில் அந்தச் சக்கரம் மட்டும் வழுக்கினால் பின்பக்கம் சுழன்று முன்னே வந்துவிடும். டிரெய்லர் என்றால் மடிந்தே போகும்.

காற்றைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. நாமக்கல்லில் 35 டிகிரியில் 110 பி.எஸ்.ஐ. அடித்தோம். வளிமண்டல அழுத்தம் 14.7 சேர்த்தால் 124.7. மேலே மைனஸ் 10 டிகிரி என்றால், 263-ஐ 308-ஆல் வகுத்துப் பெருக்க, 106.5. ஸோஜி லா உயரத்தில் வெளிக்காற்று சுமார் 9.5 பி.எஸ்.ஐ.தான் என்பதால் கேஜ் 97 காட்டும். ஓட்டை எதுவும் இல்லாமலே 13 குறைந்துவிட்டது. பிடிப்புக்காக இன்னும் காற்றை இறக்குவேன் என்று சிலர் கிளம்புவார்கள். மணலில் அது சரி. லோடு வண்டியில் பக்கச்சுவர் நசுங்கி, கீழே இறங்கிய பிறகு சூட்டில் வெடிக்கும்.

எந்த டயரும் தோற்கும் ஐஸ் உண்டு. அங்கே சங்கிலிதான். இழுக்கும் சக்கரத்தில், ஜோடியின் வெளி டயரிலாவது கட்டாயம் மாட்ட வேண்டும். ஏற்றம் தொடங்கும் முன்பு, சமதரையிலேயே மாட்டிவிட வேண்டும். வழுக்கி நின்ற பிறகு மாட்டுவது உயிரோடு விளையாட்டு. சில நூறு மீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி மறுபடி இறுக்க வேண்டும், முதலில் இறுக்கியது நிச்சயம் தளர்ந்திருக்கும். வேகம் 30-க்கு மேல் வேண்டாம். வெறும் தார் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் சங்கிலியும் போகும் டயரும் போகும்.

நம் லேபில் ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் மீட்டர் இருக்கிறது. ரீட்ரேட் கடையில் வெட்டிப் போடும் துண்டுகளில் இரண்டு மூன்று வகை கேட்டு வாங்கி, தெரிந்த ஐஸ்கிரீம் கடை டீப் ப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்து, எடுத்த அடுத்த நிமிடமே அளந்து பாருங்கள். முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த ஆண்டு மலரில் போடலாம். மாமாவிடம் காட்ட எனக்கும் ஒரு அட்டவணை வேண்டியிருக்கிறது.