ஹலோ, ஆசிரமத்துல இருந்து பேசறோம்

காலை பதினோரு மணி இந்த அழைப்புகளுக்குத் தோதான நேரம். ஆபீஸ் போகிறவர்கள் போய்விட்டார்கள். போனை எடுப்பவர் பென்ஷன் வாங்கும் பெரியவராக இருப்பார், இல்லையென்றால் சமையலை முடித்து அப்போதுதான் உட்கார்ந்த அம்மாவாக இருப்பார். "வணக்கம்ப்பா, ஆதரவற்ற குழந்தைங்க ஆசிரமத்துல இருந்து பேசறோம். நாப்பது குழந்தைங்க இருக்காங்கப்பா. ஒரு வேளை சாப்பாட்டுக்கு உங்களால முடிஞ்சது..."

புரட்டாசியில் மகாளய பட்சம் வந்தால் முன்னோர் பெயரில் அன்னதானம் என்பார்கள். மார்ச் கடைசியில் வரி விலக்கு என்பார்கள். இடைப்பட்ட மாதங்களுக்கு உங்கள் பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் திதி எல்லாம் இருக்கிறது. பேச்சுவாக்கில் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். இந்த அழைப்பைப் பற்றி நம் வீடுகளில் உலவும் நம்பிக்கைகளைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம்.

நம்பிக்கை: "பேசுகிற பெண் அந்த இல்லத்திலேயே சேவை செய்கிறவர்."

பெரும்பாலும் இல்லை. அவர் டெலிகாலர். சம்பளமும் இன்சென்டிவும் உண்டு என்று ஆள் எடுக்கும் வேலை இது. கையில் எண்களின் பட்டியல், எதிரே எழுதிவைத்த பேச்சு, மாதக் கடைசியில் டார்கெட். போன மாதம் கிரெடிட் கார்டு விற்றவர் இந்த மாதம் அன்னதானத்துக்குப் பேசலாம். அது அவர் பிழைப்பு, அதில் குற்றமில்லை. ஆனால் குரலில் தெரியும் உருக்கத்தை வைத்து இல்லத்தின் யோக்கியதையை எடைபோட்டுவிட முடியாது. அந்த இல்லத்தின் வாசற்படியை அவர் மிதித்தே இருக்க மாட்டார்.

எனவே அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் கொடுக்கும் நூறு ரூபாயில் குழந்தைகளுக்குப் போவது எவ்வளவு? அமெரிக்காவில் இந்தக் கேள்வி கோர்ட் வரைக்கும் போனதால் அங்கே கணக்கு வெளியே வந்தது. வியட்நாம் போர் வீரர்களுக்கான அமைப்பு ஒன்றுக்காக இல்லினாய்ஸ் மாநிலத்தில் போனில் நிதி திரட்டிய நிறுவனம் 1987-க்கும் 1995-க்கும் இடையில் சுமார் 71 லட்சம் டாலர் வசூலித்தது. அதில் 60 லட்சம் டாலரைத் தானே வைத்துக்கொண்டது. அதாவது நூற்றுக்கு 85. இதில் வேடிக்கை, அந்த விகிதம் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 2003-ல் தீர்ப்பு வந்தபோது நீதிபதிகள் சொன்னது இதுதான்: அதிகக் கட்டணம் வாங்குவது மட்டுமே மோசடி ஆகாது, ஆனால் பணத்தின் பெரும்பகுதி வீரர்களுக்குப் போகிறது என்று கொடுப்பவரிடம் பொய் சொன்னால் அது மோசடி.

2021 மார்ச்சில் அந்நாட்டு மத்திய வணிக ஆணையமும் 38 மாநிலங்களும் சேர்ந்து இன்னொரு கும்பலை முடக்கின. மார்பகப் புற்றுநோய், வீடில்லாத முன்னாள் ராணுவத்தினர், தீயணைப்பு வீரர்கள் என்று சொல்லி 6.7 கோடிப் பேருக்கு 130 கோடி அழைப்புகள். வசூல் 11 கோடி டாலருக்கு மேல். சில அமைப்புகளுக்காகத் திரட்டியதில் டாலருக்கு 90 சென்ட் வரை திரட்டியவர்களுக்கே போயிருக்கிறது. 500-க்கும் அதிகமான எண்களுக்குத் தலா 5,000 தடவை அல்லது அதற்கு மேலும் போன் போட்டிருக்கிறார்கள் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. அந்த அழைப்புகளில் ஒரு பகுதி மனிதர் நேரடியாகப் பேசியதுகூட இல்லை. முன்பே பதிவுசெய்த குரல் துண்டுகளைப் பட்டனைத் தட்டித் தட்டி ஒலிக்கவிட்டிருக்கிறார்கள். எதிர்முனையில் இருந்தவர் அதற்கு "கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும்" என்று பதில் சொல்லியிருப்பார், பாவம்.

நம் ஊரில் இதே விகிதம் என்று நான் சொல்லவில்லை. நல்ல அமைப்பு என்றால் தணிக்கை செய்த ஆண்டறிக்கையைத் தரும், அதில் நிதி திரட்ட ஆன செலவு எவ்வளவு என்று பார்க்கலாம். "அனுப்பி வைங்க, படிச்சிட்டு நானே பேங்க்ல போடறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து வரும் பதில் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

நம்பிக்கை: "எல்லாமே ஃப்ராடு."

இதுவும் தப்பு. முறையாகப் பதிவு செய்து, கணக்கு எழுதி, உண்மையிலேயே சோறு போடும் இல்லங்களும் போனில் கேட்கின்றன. அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. எதிர்முனையில் இருப்பது அசல் இல்லமா, ஏஜென்சியா, வெறும் சிம் கார்டா என்பதை அந்த மூன்று நிமிடத்தில் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் சங்கடம். போனை வைத்த பிறகு முடியும். குழந்தைகள் இல்லம் எதுவானாலும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி பதிவு செய்தே ஆக வேண்டும். பதியாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது குறைந்தது ஒரு லட்ச ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உங்கள் மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இல்லத்தின் பெயரைச் சொல்லி விசாரிக்கலாம்.

"டிரஸ்ட் ரிஜிஸ்டர்டு சார்" என்பதில் மயங்க வேண்டாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் டிரஸ்ட் பத்திரம் பதிவாகியிருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் எண் இருப்பதும் அப்படித்தான், அது அரசு கொடுக்கும் நற்சான்றிதழ் அல்ல. வாட்ஸ்அப்பில் குழந்தைகளின் முகம் தெரியும் படத்தைப் பெயரோடு அனுப்பிக் கேட்கிறார்களா? பராமரிப்பில் இருக்கும் குழந்தையை அடையாளம் காட்டுவதையே அதே சட்டம் தடுக்கிறது. உருக்கமான அந்தப் படம்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆதாரம்.

நம்பிக்கை: "'பார்க்கலாம்மா' என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்."

நம்மவர்களுக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவரிடம் "கண்டிப்பா வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருப்போம், அவரும் புரிந்துகொள்வார். டெலிகாலரிடம் இந்த நாகரிகம் எடுபடாது. "பார்க்கலாம்மா", "அடுத்த மாசம் பேசுங்க", "பையன் வந்ததும் கேட்டுச் சொல்றேன்", "இப்போ கொஞ்சம் டைட்டு" — இவை நமக்கு மறுப்பு. அவருடைய திரையில் இது 'கால்பேக்'. அடுத்த மாதம் முதல் வாரத்தில் சரியாக போன் வரும். "அப்பா, பையன் வந்துட்டாரா?"

பையன் இரண்டு தடவை வந்து போன பிறகும் அழைப்பு நிற்காது. மூன்றாவது மாதம் ஒரு கூச்சத்துக்காகவே முந்நூறு ரூபாய் அனுப்பிவிடுவோம். அனுப்பினால் விட்டுவிடுவார்கள் என்பதும் கனவுதான். கொடுத்தவரின் எண் கொடுக்காதவரின் எண்ணைவிட மதிப்பு மிக்கது. "போன வருஷம் குடுத்தீங்களேப்பா" என்று ஆரம்பிப்பது பழைய தந்திரம். கொடுக்காதவரிடமும் அதைச் சொல்லிப் பார்ப்பார்கள். ஞாபக மறதிக்குப் பயந்த பெரியவர்கள் உடனே ஒப்புக்கொண்டுவிடுவார்கள்.

மரியாதை குறையாமல் மறுக்க ஒரே வரி போதும்: "போன்ல கேட்டா நான் நன்கொடை கொடுக்கறதில்லம்மா. என் நம்பரை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க." காரணம் சொல்லாதீர்கள். காரணம் எதுவானாலும் அதற்கு மாற்றுப் பதில் அவரிடம் அச்சடித்து இருக்கிறது. பணம் இல்லை என்றால் "நூறு ரூபாய் போதும்" வரும். வேறு இடத்துக்குக் கொடுக்கிறேன் என்றால் "இங்கேயும் ஒரு வேளை" வரும். சொல்லிவிட்டு போனை வைப்பது அவமதிப்பு ஆகாது. டார்கெட்டோடு போராடும் அந்தப் பெண்ணுக்குப் பத்து நிமிடம் ம் கொட்டிவிட்டுக் கைவிரிப்பதைவிட, பத்து விநாடியில் வரும் மறுப்பே உபகாரம்.

நம்பிக்கை: "80ஜி இருக்கு, கொடுத்தது வரியில் திரும்ப வந்துவிடும்."

80ஜி என்பது நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு. கணக்குப் போடுவோம். ஐயாயிரம் ரூபாய் கொடுக்கிறீர்கள். பெரும்பாலான தனியார் அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் பாதிதான் கழிவு, 2,500 ரூபாய். அதுவும் வரியில் கழியாது, வரி கட்ட வேண்டிய வருமானத்தில் கழியும். நீங்கள் 20 சதவீத வரி வரம்பில் இருந்தால் மிச்சமாவது செஸ்ஸோடு சேர்த்து 520 ரூபாய். அதுவும் பழைய வரிமுறையில் இருந்தால்தான். புதிய முறையில் இந்தக் கழிவே இல்லை. 2023-24 முதல் நீங்களாகப் பழையதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் புதியதுதான் பொருந்தும். போனில் பேசுபவர் இதைச் சொல்வதில்லை, அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது. அரிசி மூட்டை, பழைய துணி, போர்வை எதற்கும் கிடையாது. ரசீது மட்டும் போதாது. 2021-22 முதல் அமைப்பு தன் நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித் துறையிடம் தாக்கல் செய்து, உங்களுக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். காலவரையறை இல்லாத பழைய 80ஜி கடிதத்தைக் காட்டுகிறார்களா? 2021 ஏப்ரலில் முறை மாறி, எல்லோரும் மறுபதிவு செய்ய வேண்டியதாயிற்று. புதிய பதிவெண் எது என்று கேளுங்கள்.

நம்பிக்கை: "டிஎன்டி போட்டுவிட்டேன், இனி வராது."

வரும். 1909-க்கு அழைத்தோ டிராய் டிஎன்டி ஆப்பிலோ தடை போடுவது நல்லதுதான். ஆனால் டிராயின் 2018-ஆம் ஆண்டு விதிகள் பேசுவது பொருளும் சேவையும் விற்கும் அழைப்பைப் பற்றி. எந்தெந்த வகையைத் தடுக்கலாம் என்ற பட்டியலில் வங்கி, ரியல் எஸ்டேட், கல்வி, உடல்நலம், சுற்றுலா, உணவு என்றெல்லாம் இருக்கிறது, நன்கொடை என்று ஒரு வகை இல்லை. (2003-ல் தொடங்கிய அமெரிக்காவின் 'அழைக்காதே' பட்டியலும் அறக்கட்டளைகளுக்கு விலக்கு கொடுத்துத்தான் வைத்திருக்கிறது.) போதாக்குறைக்கு இந்த அழைப்புகள் டெலிமார்க்கெட்டிங்குக்கென்று ஒதுக்கிய 140 வரிசை எண்களிலிருந்து வருவது அபூர்வம். சாதாரணப் பத்து இலக்க மொபைலிலிருந்தே வருகின்றன. எண்ணை பிளாக் செய்தால் நாளைக்கு வேறு எண். ஆனாலும் பிளாக் செய்யுங்கள். மோசடி என்று தோன்றினால் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பகுதியில் புகாரைப் பதியுங்கள்.

நம்பிக்கை: "சாயங்காலத்துக்குள் ஆபரேஷன், யோசிக்க நேரமில்லை."

யோசிக்கவிடாமல் செய்வதற்குத்தான் அந்தச் சாயங்காலம். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. எனவே "காப்பீட்டு அட்டை இருக்கா? எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, ஐபி நம்பர் என்ன?" என்று கேட்பது கல்நெஞ்சம் ஆகாது. காப்பீட்டில் அடங்காத நோய்கள் உண்டு, கோடிக்கணக்கில் விலையுள்ள மரபணு மருந்துகளும் உண்டு; உண்மையான தவிப்பில் இருக்கும் பெற்றோரும் உண்டு. அவர்களுக்கு உதவ நினைத்தால் மருத்துவமனையின் எண்ணை நீங்களே தேடி அழைத்து, நோயாளியின் பெயரில் மருத்துவமனைக் கணக்கிலேயே செலுத்துங்கள். அழைத்தவர் கொடுக்கும் எண்ணுக்கு போன் போட்டு உறுதிசெய்வது திருடனிடமே சாவியைப் பற்றி விசாரிக்கிற கதை.

நம்பிக்கை: "முந்நூறு ரூபாய்தானே, போனால் போகட்டும்."

ஒரு தடவையோடு போனால் சரி. அவர்கள் அனுப்பும் லிங்க்கைத் தட்டும்போது ஒரு முறை செலுத்துவதா, மாதாமாதம் பிடிப்பதற்கான ஆட்டோபேயா என்று படித்துப் பாருங்கள். ஆட்டோபேக்கு முதல் தடவை பின் நம்பர் போட்டுச் சம்மதித்துவிட்டால், 15,000 ரூபாய் வரையிலான அடுத்த தவணைகளுக்கு அந்த நம்பரைக் கேட்காது. முந்தைய நாள் ஒரு எஸ்எம்எஸ் வரும். நூறு எஸ்எம்எஸ்ஸுக்கு நடுவில் அதை யார் படிக்கிறார்கள்? உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்தால் எதற்கெல்லாம் சம்மதித்திருக்கிறீர்கள் என்று தெரியும், அங்கேயே ரத்தும் செய்யலாம். வீட்டுப் பெரியவர்களின் போனையும் ஒரு முறை வாங்கிப் பாருங்கள். திட்டாமல் பாருங்கள், திட்டினால் அடுத்த தடவை உங்களிடம் சொல்லவே மாட்டார்கள்.

நம்பிக்கை: "போனது போனதுதான்."

ஏமாற்றித்தான் பணத்தை வாங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தகவல் போனால் வங்கியில் முடக்க வாய்ப்புண்டு. தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அந்த வாய்ப்பைக் குறைக்கும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். பரிவர்த்தனை எண், அழைத்த எண், பேசிய நேரம், வாட்ஸ்அப்பில் வந்த ரசீது எதையும் அழித்துவிடாதீர்கள். தொகை சின்னது என்று விட்டுவிட வேண்டாம். அதே எண்ணைப் பற்றி வேறு ஊர்களிலிருந்தும் முந்நூறு முந்நூறாகப் புகார் வந்திருக்கக்கூடும்.