சுகர் மிஷின் பொய் சொல்லுமா?

காலையில் காப்பிக்குக் கருப்பட்டியை உடைத்துப் போட்ட கையை முந்தானையில் துடைத்துவிட்டு, வீடு தேடி வந்த தன்னார்வலரிடம் ஆச்சி விரலை நீட்டுகிறார். எண் இருநூற்றைம்பதைத் தாண்டுகிறது. "எம்மா, ஒம் மிஷின் பொய் சொல்லுது!" "கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க ஆச்சி, இன்னொருக்கா பாப்போம்."

வீடு தேடி வந்து சோதிக்கும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய பிறகு, சாத்தான்குளம் பக்கத்துத் திண்ணைகளில் இப்படியொரு பேச்சு எழுந்தால் வியப்பில்லை. ஆச்சியின் சந்தேகம் நியாயமானது. ஆனால் குற்றவாளி பெரும்பாலும் மிஷின் அல்ல, விரல். ஸ்ட்ரிப் உறிஞ்சும் ரத்தம் ஒரு மைக்ரோ லிட்டர் அளவுதான். அதில் இனிப்புத் துகள் கொஞ்சம் கலந்தாலும் எண் எகிறிவிடும்.

"ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதாதா?" போதாது. 2011-ல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில், சர்க்கரை நோயே இல்லாதவர்களை ஆரஞ்சு, திராட்சை, கிவிப் பழங்களை உரிக்கச் சொல்லி, அதே விரலில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அளவு தாறுமாறாக ஏறியிருந்தது. ஸ்பிரிட்டால் துடைத்தும் சரியாகவில்லை. குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகே உண்மையான எண் வந்தது. கழுவிய கையை ஈரம் போகத் துடைக்கவும் வேண்டும். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்து எண் குறையும்.

கருப்பட்டி என்றதும் இன்னொன்று. "சீனிதான் ஆகாது, கருப்பட்டி ஒண்ணும் செய்யாது" என்பது இந்த வட்டாரத்தில் அசைக்க முடியாத நம்பிக்கை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடி கருப்பட்டி பக்கத்து ஊரின் பெருமை. யாருக்கும் அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கருப்பட்டியின் பெரும்பகுதி, சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ். அது சுகரை ஏற்றத்தான் செய்யும்.

அடுத்தடுத்து இரண்டு முறை குத்தி, 196, 212 என்று வந்தால் மிஷின் கெட்டுவிட்டதா? இல்லை. 2013-ன் ஐ.எஸ்.ஓ. தரவிதிப்படி, அளவு 100-க்கு மேல் இருந்தால் நூற்றில் 95 முடிவுகள் 15 சதவீத வித்தியாசத்துக்குள் இருந்தால் போதும். அதாவது, லேபில் 200 என்றால் மிஷினில் 170 முதல் 230 வரை வரலாம்.

லேப் முடிவும் தெய்வ வாக்கல்ல. குழாயில் பிடித்த ரத்தத்தை அப்படியே வைத்திருந்தால், அதிலுள்ள செல்களே சர்க்கரையைத் தின்று மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறைத்துவிடும். சாப்பிட்ட பிறகு பார்த்தால் விரல் ரத்தத்தில் சர்க்கரை, கை நரம்பு ரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். ரத்தசோகை உள்ளவருக்குப் பல மிஷின்கள் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும்.

ஸ்ட்ரிப்பை ஃபிரிட்ஜில் வைத்தால் கெடாது என்பதும் தப்பு. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் ஈரம் படியும்; ஸ்ட்ரிப்பிலுள்ள நொதிக்கு ஈரம்தான் எதிரி. தூத்துக்குடிக் கடற்காற்றில் டப்பாவைத் திறந்து போட்டாலும் இதே கதிதான். மூடியை உடனே இறுக்கி, வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும்.

ஊசியே வேண்டாம், கைக்கடிகாரமே சுகரைச் சொல்லும் என்று விளம்பரம் வருகிறதே? தோலைத் துளைக்காமல் தானாகவே சுகரை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. காசைக் கரியாக்க வேண்டாம்.

வீட்டு மிஷின் ஏற்கெனவே சுகர் உள்ளவர் கண்காணித்துக்கொள்வதற்கு. சுகர் இருக்கிறதா என்று முடிவுசெய்ய லேப் சோதனை வேண்டும்: வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், ஹெச்.பி.ஏ1சி என்றால் 6.5 அல்லது அதற்கு மேல். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இன்னொரு சோதனையிலும் அது உறுதியாக வேண்டும்.

மிஷின் மேல் இன்னும் சந்தேகம் தீராதவர்கள், அடுத்த முறை வெறும் வயிற்றில் லேபுக்குப் போகும்போது அதையும் கொண்டுபோங்கள். ரத்தம் எடுத்த கையோடு, கழுவிய விரலிலும் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் புது ஸ்ட்ரிப்பில் இன்னொரு தடவை பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் மிஷினை மாற்றிவிடுங்கள்.