நிற்கும் வண்டியில் நிற்காத எஞ்சின்

நாற்சந்தியில் வண்டியை நிறுத்துகிறோம். சக்கரம் நிற்கிறது, எஞ்சின் நிற்பதில்லை. ஆக்ஸிலரேட்டரைத் திருகாமலே அது மெல்ல ஓடும் இந்நிலையை ‘ஐடிலிங்’ என்பர். இவ்வேகம் மிகக் குறைந்தால் எஞ்சின் நடுச்சாலையில் அணைந்துவிடும். மிகுந்தால் பெட்ரோல் வீணாகும், கியர் போடும்போது வண்டி வெடுக்கென்று இழுக்கும். ஆகவே இதனைச் சரிசெய்யும் முறையை மாணவியராகிய நாமும் அறிந்திருத்தல் நன்று.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தபின் நம் நாட்டின் புதிய இருசக்கர வண்டிகள் பெரும்பாலானவற்றில் இவ்வேலையை மின்னணுக் கருவியே செய்கிறது. எனினும் பழைய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர்தான் உள்ளது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவது அதன் பணி. ஒரு கிராம் பெட்ரோல் முழுதும் எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும்.

கார்புரேட்டரில் நாம் கவனிக்க வேண்டிய திருகுகள் இரண்டு. ஒன்று, காற்றுவழி எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் வேகத் திருகு. மற்றொன்று, ஐடிலிங் நிலையில் காற்றும் பெட்ரோலும் சேரும் அளவை மாற்றும் கலவைத் திருகு. பலர் முதல் திருகை மட்டும் திருப்பி வேகத்தைக் கூட்டிவிடுகின்றனர். அதனால் கலவையில் உள்ள குறை மறைகிறதேயன்றித் தீர்வதில்லை.

முதலில் காற்று வடிகட்டி சுத்தமாக உள்ளதா, ஆக்ஸிலரேட்டர் கேபிளில் சிறிது தளர்ச்சி உள்ளதா என்று பார்ப்போம். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்கியபின், சோக்கை விலக்கி, நியூட்ரலில் நிறுத்த வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் வைத்த அளவு, சூடானதும் மாறிவிடும். இனி, எஞ்சின் அணையாதபடி வேகத் திருகால் வேகத்தைச் சற்று உயர்த்துவோம். பிறகு கலவைத் திருகைக் கால் சுற்றுக்கு மேற்படாமல் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சற்றுப் பொறுத்துக் கேட்போம். ஓசை மிக விரைவாகவும் சீராகவும் ஒலிக்கும் இடமே சரியான இடம். இப்போது கூடியிருக்கும் வேகத்தை, வேகத் திருகைத் தளர்த்தி, வண்டியின் கையேட்டில் குறித்த அளவுக்கு இறக்க வேண்டும். கடைசியாகக் கைப்பிடியை இருபுறமும் திருப்பிப் பார்ப்போம். அப்போது வேகம் கூடினால் கேபிள் இறுக்கமாக உள்ளது என்று பொருள்.

இவ்வேலையைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. கலவையில் பெட்ரோல் மிகுந்தால் அது மேலும் பெருகும். அவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமுமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் பற்றிக்கொள்ளும். தலைவலியில் தொடங்கி உயிரையே பறிக்கும். ஷெட்டின் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று எண்ணாமல், வண்டியை வெளியே தள்ளிச் செல்வோம். பின்னலையும் துப்பட்டாவையும் கட்டிக்கொள்வோம். சூடான சைலன்சரைத் தொடாதிருப்போம்.

இதற்குப் பெரும் வலிமை தேவையில்லை. ஒரு திருப்புளியும், பொறுமையும், கூர்ந்து கேட்கும் செவியும் போதும். வரும் விடுமுறையில், வீட்டுப் பெரியவர் ஒருவரின் துணையோடு நாமும் செய்து பார்ப்போமா?