ஹீட் பம்ப் போர்டைப் பொருத்துவதும் சோதிப்பதும்: முழுமையான வழிகாட்டி

கனடாவில் குளிர் இறங்கியதும் ஹீட் பம்ப் சரியாகச் சூடு தரவில்லை என்றால், முதல் பழி கட்டுப்பாட்டுப் பலகையின் மேல்தான் விழுகிறது. "போர்டு போய்விட்டது" என்று சொல்லி, நல்ல விலை கொடுத்துப் புதியதை வாங்கிப் பூட்டுகிறார்கள். பழுது அப்படியே இருக்கிறது. உண்மையில் கெட்டிருந்தது ஒரு சென்சாராக இருக்கும். அல்லது புல் வெட்டும் ட்ரிம்மர் அறுத்த வயராக, தெர்மோஸ்டாட்டில் தவறாக வைத்த ஒரு செட்டிங்காக இருக்கும். போர்டுக்குள் போகவேண்டியது போகிறதா, அதிலிருந்து வரவேண்டியது வருகிறதா என்று அளந்து பார்க்கும்வரை அதைக் குற்றம் சொல்லக்கூடாது. கீழே வரும் எல்லாப் படிகளும் இதை ஒட்டியவைதான்.

இந்தத் தொழிலில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் இளைஞர்களையும், தம் வீட்டு இயந்திரத்தைப் புரிந்துகொள்ள விரும்பும் வீட்டுக்காரர்களையும் நினைத்து எழுதுகிறேன். ஒண்டாரியோவில் இது உரிமம் கட்டாயமான தொழில்; 313ஏ, 313டி என்ற எண்களால் அறியப்படுவது. ஆகவே 240 வோல்ட் பக்கம் கை வைப்பதென்றால் உரிமம் உள்ளவர் செய்யவேண்டும், அல்லது அவர் பக்கத்தில் நிற்கவேண்டும். ரெஃப்ரிஜரன்ட் குழாயைத் திறக்கும் வேலை எதுவும் இதில் கிடையாது.

இங்கே பேசுவது வட அமெரிக்க வீடுகளில் பரவலாக உள்ள, டக்ட் வழியே காற்று அனுப்பும், 24 வோல்ட் தெர்மோஸ்டாட்டில் ஓடும் சாதாரண ஹீட் பம்ப்பைப் பற்றி. சுவரில் மாட்டும் இன்வெர்ட்டர் மினி ஸ்பிளிட்டும், டேட்டா வயர் மூலம் பேசிக்கொள்ளும் புதிய வகைகளும் வேறு கதை. அவற்றின் டேட்டா முனையில் 24 வோல்ட்டைக் கொடுத்தால் போர்டு அந்த நிமிடமே கருகிப்போகலாம்.

போர்டின் வேலை என்ன?

வெளி யூனிட்டில் இருக்கும் போர்டைத் தொழிலில் உள்ளவர்கள் டிஃப்ராஸ்ட் போர்டு என்பார்கள். தெர்மோஸ்டாட் அனுப்பும் 24 வோல்ட் சைகையை அது வாங்குகிறது. கம்ப்ரசர் நின்ற உடனே மறுபடி கிளம்பிவிடாமல், பெரும்பாலும் 5 நிமிடம், பிடித்து வைக்கிறது. பிறகு கம்ப்ரசருக்கு மின்சாரம் போகவிடும் ஸ்விட்சான கான்டாக்டரை இழுக்கிறது, வெளி விசிறியை ஓட்டுகிறது, நிறுத்துகிறது. வெளிக் காயிலின் (காற்றோடு சூட்டைப் பரிமாறும் குழாய்ச் சுருளின்) வெப்பத்தைக் கவனித்து, உறைபனி படிந்தால் அதைக் கரைக்கும் சுழற்சியைத் தொடங்கி முடிக்கிறது. நட்டுவனார் தாளம் போடுவார், ஆடமாட்டார். போர்டும் அப்படித்தான்: சூட்டை உண்டாக்குவது கம்ப்ரசர், எப்போது என்று சொல்வது மட்டும் போர்டு.

முதல் படி: இரண்டு இடத்தில் மின்சாரத்தை நிறுத்துங்கள்

வெளி யூனிட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு டிஸ்கனெக்ட் பெட்டி இருக்கும். அதை இழுத்துவிட்டால் போதும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். போதாது. 24 வோல்ட் வருவது வீட்டுக்குள் உள்ள ஏர் ஹேண்ட்லரின் டிரான்ஸ்பார்மரிலிருந்து. அதற்குத் தனி பிரேக்கர் உண்டு, அதையும் இறக்கவேண்டும்.

மல்டிமீட்டரை முதலில் மின்சாரம் இருப்பது தெரிந்த ஓரிடத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு யூனிட்டில் அளந்து பூஜ்யம் என்று உறுதி செய்யுங்கள். மறுபடி முதலிடத்தில் வைத்து, மீட்டர் இன்னும் சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். செத்த மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும்.

ஒற்றை முனைக் கான்டாக்டர் உள்ள யூனிட்களில் கான்டாக்டர் திறந்திருந்தாலும் 240 வோல்ட்டின் இரு வயர்களில் ஒன்றில் மின்சாரம் கம்ப்ரசர் வரை போய்க்கொண்டே இருக்கும். அந்த வயருக்கும் தரைக்கும் நடுவே 120 வோல்ட் உண்டு. இயந்திரம் ஓடவில்லை என்பதால் மின்சாரம் இல்லை என்று முடிவு கட்டி, அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். கெப்பாசிட்டரையும் மறக்காதீர்கள். அதற்கென உள்ள ரெசிஸ்டரால் அதைக் காலி செய்துவிட்டு, மீட்டரால் அளந்து உறுதிப்படுத்துங்கள்.

இரண்டாம் படி: கழற்றும் முன்

கைபேசியில் படம் எடுங்கள். தூரத்திலிருந்து ஒன்று, ஒவ்வொரு முனையும் தெரிய நெருக்கத்தில் சில. ஜம்பர்களும் டிப் ஸ்விட்ச்களும் எந்த நிலையில் உள்ளன என்பது படத்தில் தெளிவாகத் தெரியவேண்டும். பழைய போர்டின் பாக எண்ணையும் புதியதன் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எண் மாறியிருந்தால் கூடவரும் தாளில் மாற்று விவரம் இருக்கும். யூனிட்டின் மூடிக்கு உட்புறம் ஒட்டியிருக்கும் வயரிங் படம்தான் கடைசி வார்த்தை. இந்தக் கட்டுரைக்கும் அந்தப் படத்துக்கும் எங்காவது முரண் வந்தால் படத்தையே நம்புங்கள்.

போர்டைத் தொடும் முன் யூனிட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலத்தின் வறண்ட காற்றில் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் போர்டின் சிப்பைக் கொல்லப் போதுமானது. பலகையை ஓரத்தில் பிடியுங்கள்.

மூன்றாம் படி: வயர்களை இணைப்பது

முனைகளின் பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். ஆர் என்பது 24 வோல்ட் வரும் வழி, சி அது திரும்பும் பொதுவழி. ஒய் கம்ப்ரசருக்கான சைகை. டபிள்யூ, கரைப்புச் சுழற்சியில் வீட்டுக்குள் துணைச் சூட்டைப் போடச் சொல்லி போர்டு வெளியே அனுப்புவது. ஜி உள் விசிறிக்கானது, பெரும்பாலும் வெளி யூனிட்டுக்கு வராது. ஆருக்குச் சிவப்பு, ஒய்க்கு மஞ்சள் என்று வழக்கம் உண்டுதான். ஆனால் நிறத்தை நம்பி இணைக்காதீர்கள். முன்பு வந்தவர் கையில் எது கிடைத்ததோ அதை மாட்டியிருப்பார். வயரின் மறுமுனை எங்கே போகிறது என்பதைப் பார்த்து இணையுங்கள்.

மிச்சம் இருப்பது ஓ அல்லது பி. தலைவலி இங்கேதான். ஹீட் பம்ப் சூட்டிலிருந்து குளிருக்கு மாறுவது ரிவர்சிங் வால்வு என்ற ஒரு திருப்பு வால்வினால். கேரியர், டிரேன், லெனாக்ஸ், குட்மேன் போன்ற பெரும்பாலான நிறுவனங்களின் யூனிட்களில் குளிரூட்டும்போது அந்த வால்வுக்கு மின்சாரம் போகும், அது ஓ. ரீம், ரூட் யூனிட்களில் வழக்கமாகச் சூடாக்கும்போது போகும், அது பி. இதற்கேற்றபடி தெர்மோஸ்டாட்டிலும் சொல்லிவைக்கவேண்டும். டொராண்டோ நிறுவனமான எக்கோபீயின் தெர்மோஸ்டாட்களில் இதற்கென ஒரு செட்டிங் இருக்கிறது. இது தலைகீழானால், சூடு கேட்ட வீட்டுக்குக் குளிர்காற்று வரும். போர்டு, கம்ப்ரசர், ரெஃப்ரிஜரன்ட் எல்லாம் நன்றாக இருக்க, ஒரு செட்டிங்கினால் வீடே விறைக்கும். புதிய தெர்மோஸ்டாட் மாட்டிய மறுநாள் யாராவது "போர்டு போய்விட்டது" என்றால் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

நான்காம் படி: கரைப்பு இடைவெளி

குளிரில் வெளிக் காயில் உறைநிலைக்குக் கீழே போகும். காற்றின் ஈரம் அதில் பனியாகப் படிந்து காற்றோட்டத்தை அடைக்கும். அதைக் கரைக்கப் போர்டு இயந்திரத்தைச் சில நிமிடம் குளிரூட்டும் முறைக்குத் திருப்பி, வீட்டின் சூட்டை வெளிக் காயிலுக்கு அனுப்புகிறது. எத்தனை நிமிட ஓட்டத்துக்கு ஒருமுறை இது தேவையா என்று பார்ப்பது என்பதை 30, 60, 90 என்ற ஜம்பர்களில் ஒன்றால் அமைக்கிறோம்.

குளிர் எவ்வளவு கடுமையோ அவ்வளவு அடிக்கடி கரைக்கவேண்டும் என்று பலரும் நினைத்து 30-இல் வைத்துவிடுகிறார்கள். பனி அதிகம் படிவது பூஜ்யத்தை ஒட்டிய ஈரமான நாட்களில். மைனஸ் 20-இல் காற்றில் ஈரமே சொற்பம். ஒவ்வொரு கரைப்பிலும் வீட்டிலிருந்து சூடு பறிபோகிறது, அதை ஈடுகட்டத் துணைச் சூடு எரிகிறது. 10 கிலோவாட் ஹீட்டர் என்றால் அது இழுப்பது சுமார் 42 ஆம்பியர். டொராண்டோ போன்ற ஊருக்கு, கையேடு வேறு சொல்லாவிட்டால், 60-இல் தொடங்குவது நல்லது. ஒரு சுழற்சி முடிந்தும் காயிலில் பனி தங்கினால் 30-க்கு இறக்கலாம். வான்கூவர் கடலோரம் போல ஈரம் மிகுந்த இடத்தில் ஆரம்பத்திலேயே 30 நியாயம்தான். சென்சார்களைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும் போர்டுகளில் இந்த ஜம்பரே இருக்காது.

ஐந்தாம் படி: மின்சாரம் இல்லாமல் சோதனை

இன்னும் எல்லாம் அணைந்தே இருக்கட்டும். காயில் சென்சாரின் பிளக்கைக் கழற்றி ஓம் அளவையில் பாருங்கள். பரவலாக உள்ள வகை 25 டிகிரி செல்சியஸில் 10,000 ஓம் காட்டும். குளிரக் குளிர எண் ஏறும். பனிக்கட்டியும் நீரும் கலந்த டம்ளரில் முக்கினால் 30,000-லிருந்து 33,000 ஓம் வரை வரவேண்டும். எல்லையில்லாத எண் என்றால் உள்ளே அறுந்திருக்கிறது, பூஜ்யத்தை ஒட்டினால் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. சில யூனிட்களில் சென்சாருக்குப் பதில் சாதாரண டிஃப்ராஸ்ட் தெர்மோஸ்டாட் இருக்கும். அது மைனஸ் 1 டிகிரி அளவில் மூடி, காயில் நன்கு சூடானதும் திறக்கும் ஒரு ஸ்விட்ச் மட்டுமே.

கான்டாக்டர் காயிலையும் வால்வுக் காயிலையும் வயரைக் கழற்றி அளந்து பாருங்கள். இரண்டும் சில ஓம்களாவது காட்டவேண்டும். கான்டாக்டர் முனைகளுக்கு நடுவே எறும்பு நசுங்கிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள், அடிக்கடி காண்கிற காட்சி அது.

ஆறாம் படி: 24 வோல்ட் மட்டும்

வெளி டிஸ்கனெக்ட் அணைந்தே இருக்க, உள் பிரேக்கரை மட்டும் போடுங்கள். கம்ப்ரசர் ஓடும் அபாயமில்லாமல் போர்டின் மூளையை மட்டும் எழுப்பிப் பார்க்கும் இந்த வழியைப் பயிற்சி பெறுபவர்கள் பழக்கமாக்கிக்கொள்ளவேண்டும்.

ஆர், சி இரண்டுக்கும் இடையே 24-லிருந்து 28 வோல்ட் வரை இருக்கவேண்டும். இல்லையென்றால் வீட்டுக்குள் ஏர் ஹேண்ட்லரின் போர்டில் உள்ள ஃபியூஸைப் பாருங்கள். காரில் போடும் வகைதான்: ஊதா என்றால் 3 ஆம்பியர், வெளிர்பழுப்பு என்றால் 5. எரிந்திருந்தால் பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள். 40 விஏ டிரான்ஸ்பார்மர் தாங்குவதே 1.7 ஆம்பியருக்குள். எங்கோ ஷார்ட் இருக்கிறது. வெளியே போகும் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடியுங்கள்.

இனி தெர்மோஸ்டாட்டில் சூடு கேளுங்கள். ஒய், சி நடுவே 24 வோல்ட் வரும். 5 நிமிடத் தாமதத்தைப் பொறுத்திருங்கள். பிறகு கான்டாக்டர் "டக்" என்று மூடவேண்டும். ஓ வகை யூனிட் என்றால் ஓ முனையில் இப்போது பூஜ்யம். குளிருக்கு மாற்றினால் அங்கே 24 வோல்ட் வந்து, வால்வுக் காயிலில் சின்னச் சத்தம் கேட்கும். வால்வு முழுதாக நகர அழுத்த வேறுபாடு வேண்டும், அது கம்ப்ரசர் ஓடும்போதுதான் கிடைக்கும்.

ஒய்யில் 24 வோல்ட் வந்தும் கான்டாக்டர் மூடவில்லை என்றால் உடனே போர்டைச் சபிக்காதீர்கள். வழியில் உயரழுத்த, தாழழுத்த ஸ்விட்ச்கள் இருக்கும். ஒவ்வொன்றின் இரு முனையிலும் மீட்டரை வையுங்கள். மூடியிருந்தால் பூஜ்யம் காட்டும், 24 வோல்ட் காட்டினால் அது திறந்திருக்கிறது. அப்போது பிரச்சினை ரெஃப்ரிஜரன்ட் அளவிலோ காற்றோட்டத்திலோ இருக்கலாம். போர்டில் உள்ள சிறு விளக்கு கண்சிமிட்டும் எண்ணிக்கையை மூடியில் உள்ள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். சைகை உள்ளே வருகிறது, ஸ்விட்ச்கள் மூடியுள்ளன, தாமதமும் முடிந்தது, ஆனால் கான்டாக்டருக்குப் போகும் முனையில் ஒன்றுமில்லை என்றால்தான் போர்டு கெட்டது.

ஏழாம் படி: முழு மின்சாரம்

நீண்ட நேரம் மின்சாரம் இல்லாமல் குளிரில் கிடந்த யூனிட்டை உடனே ஓட்டக்கூடாது. ரெஃப்ரிஜரன்ட் கம்ப்ரசரின் எண்ணெயோடு கலந்து தங்கியிருக்கும். கம்ப்ரசரைச் சூடாக வைக்கும் கிராங்க்கேஸ் ஹீட்டர் அதை விரட்ட நேரம் கொடுங்கள். 24 மணி நேரம் என்று பல கையேடுகள் சொல்லும். தெர்மோஸ்டாட்டை அணைத்துவிட்டு டிஸ்கனெக்டைப் போட்டு வையுங்கள்.

அதன்பின் ஓட்டி, கம்ப்ரசரின் காமன் வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டி, பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரோடு ஒப்பிடுங்கள். விசிறிக்கும் அப்படியே. வீட்டுக்குள் வரும் காற்று கேஸ் ஃபர்னஸ் அளவுக்குச் சுடாது. 35 டிகிரியை ஒட்டிய வெதுவெதுப்பு ஹீட் பம்ப்பின் இயல்பு. வீட்டுக்காரருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எட்டாம் படி: கரைப்பை வரவழைத்துப் பார்ப்பது

பலரும் விட்டுவிடும் சோதனை இது. விட்டால் ஒரு ஈரமான ஜனவரி இரவில் யூனிட் பனிக்கட்டியாகிவிடும். போர்டில் சோதனைக்கென இரண்டு ஊசிகள் இருக்கும். யூனிட் சூட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது அவற்றைக் கையேடு சொல்லும் நேரத்துக்கு மட்டும் ஒன்றாகத் தொடவையுங்கள். காலக்கணக்கு வேகமாக ஓடி, கரைப்பு தொடங்கும்.

வெளி விசிறி நிற்கவேண்டும். வால்வு "வுஷ்" என்று திரும்பவேண்டும். கம்ப்ரசர் ஓடவேண்டும், சில போர்டுகள் சத்தத்தைக் குறைக்க அதை அரை நிமிடம் நிறுத்தி மறுபடி ஓட்டும். டபிள்யூ, சி நடுவே 24 வோல்ட் வரவேண்டும், உள்ளே துணைச் சூடு எரியவேண்டும். காயிலிலிருந்து எழும் நீராவியைப் பார்த்து, தீப்பிடித்ததோ என்று வீட்டார் பதறுவதுண்டு. காயில் சூடானதும், அல்லது அதிகபட்ச நேரம், பொதுவாக 10 நிமிட அளவில், முடிந்ததும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பவேண்டும்.

காயில் குளிராக இல்லாத நாளில் கரைப்பு தொடங்கியவுடன் முடிந்துவிடலாம், அது பழுதல்ல. டிஃப்ராஸ்ட் தெர்மோஸ்டாட் உள்ள யூனிட்டில் அதன் இரு முனைகளையும் ஒரு ஜம்பரால் இணைத்து, காயில் குளிர்ந்ததாகப் போர்டை நம்பவைக்கலாம். சோதனை முடிந்ததும் அந்த ஜம்பரைக் கழற்றுங்கள். மறந்தால், பனியே இல்லாத நாளிலும் யூனிட் காலம் தவறாமல் கரைத்துக்கொண்டிருக்கும். மின்கட்டணம் வரும்போதுதான் தெரியும். ஓம் கணக்கில் இயங்கும் சென்சாரை இப்படி ஷார்ட் செய்யாதீர்கள், போர்டு அதைப் பழுது என்றே எடுத்துக்கொள்ளும்.

மூடும் முன்

வயர்கள் செப்புக்குழாயிலோ விசிறியிலோ உரசாதபடி கட்டுங்கள். வயர் நுழையும் ஓட்டையை எலி புகாமல் அடையுங்கள். போர்டு மாற்றிய தேதி, பாக எண், கரைப்பு இடைவெளி, ஓவா பியா என்ற விவரம், அளந்த ஆம்பியர் இவற்றை ஒரு ஸ்டிக்கரில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். தெர்மோஸ்டாட்டை வீட்டார் வைத்திருந்த அளவுக்கே திருப்பி வைத்து, யூனிட் தானாக ஒருமுறை கிளம்பி நிற்பதைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.