குதிரை லாயத்துச் சுண்டெலிகள்

அன்புள்ள மலருக்கு,

ஜாக் மில்லர் 1931-இல் பிரான்சின் நீஸ் நகரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது குடும்பம் ஆஸ்திரேலியாவில் குடியேறியது. அக்காவைக் காசநோய்க்குப் பறிகொடுத்த வீடு அது. சிட்னியில் மருத்துவம் முடித்தவர், 1958-இல் இங்கிலாந்து போய் செஸ்டர் பீட்டி நிறுவனத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். பக்கிங்காம்ஷரில் இருந்த அதன் கிராமப்புறக் கிளையில், பழைய குதிரை லாயம் ஒன்றில் அவருடைய சுண்டெலிகள் வளர்ந்தன.

எடுத்துக்கொண்ட கேள்வி நோயெதிர்ப்பைப் பற்றியதே அல்ல. அப்போதுதான் பிறந்த சுண்டெலிக்கு ஒரு வைரஸைச் செலுத்தினால் பின்னாளில் ரத்தப் புற்றுநோய் வரும். அது மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் தொடங்கும். வைரஸ் பெருகுவதற்கு அந்தச் சுரப்பி தேவைதானா என்று பார்க்க, பிறந்தவுடனே அதை அகற்றியாக வேண்டும். ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதலான எடையுள்ள குட்டியில் அந்த அறுவை! குட்டிகள் பிழைத்தன. ஆனால் பால்குடி மறந்தபின் பல மெலிந்து செத்தன.

வைரஸ் ஏற்றியவை மட்டும் செத்திருந்தால் பழியை வைரஸின் மேல் போட்டுவிடலாம். ஒப்பீட்டுக்காக வைரஸ் ஏற்றாமல் வைத்திருந்தவையும் அப்படியே செத்தன. அவசரக்காரர் சோதனை கெட்டுவிட்டது என்று பதிவேட்டை மூடியிருப்பார். மில்லர் செத்தவற்றை அறுத்துப் பார்த்தார். லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் மிக அரிதாக இருந்தன. ஈரலில் தொற்றின் அடையாளம் தெரிந்தது. அடுத்து, சுரப்பி நீக்கிய எலிகளுக்கு வேறு இன எலியின் தோலை ஒட்டினார். சில நாளில் உதிர்ந்திருக்க வேண்டிய ஒட்டு நிலைத்தது. அயல் தோலில் ரோமமும் முளைத்தது. தைமஸ் இல்லையேல் நோயெதிர்ப்பு இல்லை என்ற இந்த முடிவை 1961-இல் லான்செட் இதழ் வெளியிட்டது.

வளர்ந்த விலங்கில் தைமஸை நீக்கினால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அதனால் அதை வேலையற்ற உறுப்பென்றே கருதியிருந்தார்கள். லாயத்தின் அழுக்குதான் எலிகளைக் கொன்றது என்ற ஐயமும் எழுந்தது. அமெரிக்காவில் கிருமியற்ற சூழலில் மறுபடி செய்து காட்டினார் மில்லர்: எலிகள் மெலியவில்லை, ஆனால் அயல் தோலை விலக்கவும் இல்லை. நோபல் பெற்ற பீட்டர் மெடாவரே, தைமஸில் லிம்போசைட்டுகள் இருப்பதைப் பரிணாமத்தின் தற்செயல் என்று 1963-இலும் எண்ணினார். மின்னசோட்டாவில் ராபர்ட் குட் குழுவினர் தனியாக இதே முடிவுக்கு வந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்வதே நியாயம்.

இதற்கும் முன்னால் ஒஹாயோவில் புரூஸ் கிளிக் என்ற மாணவர், கோழியின் கழிவாய் அருகே உள்ள பர்சா என்ற பையை நீக்கிப் பார்த்திருந்தார். வகுப்பில் எதிர்ப்பொருள் உண்டாவதைக் காட்ட சக மாணவர் டிமதி சாங் அவரிடம் கோழிகளைக் கடன் கேட்டார். பர்சா இல்லாத கோழிகளில் எதிர்ப்பொருளே உண்டாகவில்லை. சயன்ஸ் இதழ் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. 1956-இல் கோழியியல் இதழ் ஒன்றில்தான் வந்தது. இதழின் பெயரைப் பார்த்து மதிப்பெண் போடும் குழு அதற்கு எத்தனை போட்டிருக்கும்? எண்ணிக்கை பார்க்கிறவர்களுக்கு வேலை தெரிவதில்லை.

1966-இல் ஆஸ்திரேலியா திரும்பிய மில்லர், மெல்போர்னில் மாணவர் கிரஹாம் மிச்சலுடன் சேர்ந்து 1968-இல் இன்னொன்றை நிறுவினார். எதிர்ப்பொருளைச் சுரக்கும் செல்கள் எலும்பு மஜ்ஜையிலிருந்து வருகின்றன. தைமஸில் முதிர்ந்தவை அவற்றுக்குத் துணை நிற்கின்றன. இன்று பள்ளிப் பாடத்தில் உள்ள பி செல், டி செல் பிரிவினைக்கு அடிப்படை இதுவும் கோழி ஆய்வுகளுமே. எய்ட்ஸ் நோயாளிக்கு டி செல்களை எண்ணுவதும், டி செல்களைத் தூண்டிப் புற்றுநோயைத் தாக்குவதும் இந்த அறிவின் மேல் எழுந்தவை. பிறந்த 3-ஆம் நாள் தைமஸை நீக்கிய எலிகளைத் தொடர்ந்து ஆராய்ந்த ஷிமோன் சகாகுச்சி, உடலைத் தன்னிடமிருந்தே காக்கும் டி செல்களைக் கண்டார். 2025-இல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். மில்லருக்கு 2001-இல் காப்ளி பதக்கமும், 2019-இல் மேக்ஸ் கூப்பருடன் லாஸ்கர் விருதும் கிடைத்தன. நோபல் கிடைக்கவில்லை.

என் எலிகள் சாகின்றன, ஆய்வுத் தலைப்பை மாற்றிக்கொண்டு கட்டுரை வேகமாக வரும் குழுவுக்குப் போகலாமா என்று நீ கேட்டதாக உன் அப்பா சொன்னான். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் சொன்னான். போவதும் இருப்பதும் உன் விருப்பம். போவதானால் உன் ஒப்பீட்டு எலிகள் எப்படிச் செத்தன என்று ஒருமுறை அறுத்துப் பார்த்துவிட்டுப் போ. எந்தப் பக்கம் போனாலும் பெரியம்மாவுக்கும் எனக்கும் நீ தங்கம்தான். உன்னைப் போல ஒரு பிள்ளை நம் குடும்பத்தில் இல்லை. பொங்கலுக்குக் கட்டாயம் வா, பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு வா.

உன்,
பெரியப்பா